நூற்று அறுபத்தெட்டு அட்டைகளும் ஒரு மயிலும்

வீட்டில் ஒருவன் எதையாவது ஒழுங்குபடுத்தக் கிளம்பிவிட்டால், மற்றவர்கள் தங்கள் பொருள்களை எடுத்து மறைத்துவைப்பது நல்லது. ஒழுங்கில்லாதவனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய சேதம் வராது. அவன் சட்டையைக் கழற்றி எறிவான், யாராவது எடுத்து மாட்டுவார்கள், அதோடு சரி. ஒழுங்கானவன் ஆபத்தானவன். அவன் தொட்ட பொருள் எந்த வரிசையில் எங்கே போயிற்று என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இதை நான் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டின் ஒழுங்கானவன் நான்தான்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். வேலை வாங்கவில்லை. ஆரணியில் அண்ணன் வீட்டில் அண்ணி கஸ்தூரியின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, உலகம் என்னைக் கண்டுபிடிப்பதற்காகக் காத்திருந்தேன். (உலகத்துக்கு ஆரணிக்கு வழி தெரியவில்லை போலும்.)

அண்ணன் ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர். கை சுத்தம். ஆனால் அவருடைய ஆசை நெசவில் இல்லை, டிசைனில் இருந்தது. கட்டம்போட்ட தாளில் பூவும் கொடியும் வரைந்து, அதைப் பார்த்து அவரே அட்டையில் துளை குத்துவார். பட்டுத் தறியைப் பார்க்காதவர்களுக்காக இங்கே நான்கு வரி. தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட நீள அட்டைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று கோத்து அதில் மாட்டுவார்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும். அட்டையில் துளை இருக்கிற இடத்தில் இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. ஒரு அட்டைக்கு ஒரு வரி ஜரிகை. மயில் நெய்வதென்றால் கால் நகத்திலிருந்து கொண்டை வரைக்கும் வரிக்கு ஒரு அட்டை. அட்டைகள் வரிசை மாறக்கூடாது. தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தப் புடவையை அண்ணனிடம் கொடுத்தார். டிசைனையும் அண்ணனே போடவேண்டும் என்றார். அதுவரை யாரும் அண்ணனை அப்படிக் கேட்டதில்லை.

"முந்தானையில மயிலு வேணும் ஏகாம்பரம். தோகையை விரிச்சிகினு நிக்கணும். நல்லா வந்துச்சின்னா இனிமே என் தறி அத்தனைக்கும் நீதான் டிசைன்."

"வரலைன்னா எப்பிடிங்க?"

"வரலைன்னா இன்னா, நெய்துகினு இரு."

அண்ணன் ஒரு மாதம் வரைந்தார். பிறகு பத்து நாள் உட்கார்ந்து துளை குத்தினார். மொத்தம் நூற்று அறுபத்தெட்டு அட்டை. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டார். முந்தானை கடைசியில்தான் வரும். புடவையின் உடலை நெய்து முடிக்கிறவரை மயில் அட்டைகளுக்கு வேலை இல்லை. அதனால் அவற்றைக் கட்டாகக் கட்டி, தறி அறை மூலையில் கிடந்த பழைய அட்டை மூட்டையின் மேல் வைத்துவிட்டு நெய்ய உட்கார்ந்தார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஆங்கிலத்தின் மேல் கோபம் வந்தது.

கோட்டைப் பக்கம் மாடியில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்த பேங்க் மேனேஜர் அங்கே ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். கட்டம்போட்ட பலகை, சிறிய எழுத்துக் கட்டைகள், ஆளுக்கு ஏழு கட்டை. அவற்றை வைத்து ஆங்கில வார்த்தை கட்டவேண்டும். நீளமான வார்த்தைக்கு நிறைய மதிப்பெண். ஞாயிறுதோறும் மேனேஜரும் நண்பர்களும் ஆடுவார்கள். பட்டதாரி என்ற தைரியத்தில் நானும் போய் உட்கார்ந்தேன்.

அன்று நான் கட்டிய வார்த்தைகள் நாய், பூனை, எலி, அப்புறம் மறுபடியும் நாய். மேனேஜர் ஏழு கட்டைகளையும் ஒரே வீச்சில் இறக்கினார். கடைசியில் என் கையில் ஒரு க்யூ, ஒரு இஸட், இரண்டு வி மிஞ்சின. மேனேஜர் என் தோளைத் தட்டி, "யூ ஹாவ் எ குட் ஹார்ட்" என்றார். தோற்றவனிடம் இதயத்தைப் பற்றிப் பேசுவதுபோல் அவமானம் வேறில்லை.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் விஷயத்தை ஆராய்ந்தேன். மேனேஜருக்கு என்னைவிட ஆங்கிலம் அதிகம் தெரியும் என்ற சாதாரண விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அவருக்கு எந்த வார்த்தைக்கு எத்தனை எழுத்து, எந்த எழுத்தில் தொடங்கும் என்பது தெரிகிறது, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். இந்த ஆட்டத்துக்கு ஆங்கிலம் வேண்டாம், அட்டவணை போதும். இரண்டெழுத்து வார்த்தைகள் தனி, மூன்றெழுத்து தனி, எட்டெழுத்து வரை தனித்தனி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏ முதல் இஸட் வரை. மனிதன் நிலவில் இறங்கியது இப்படிப்பட்ட யோசனைகளால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி நூலகத்திலிருந்து ஒரு அகராதியை இரவல் வாங்கி, நோட்டில் எழுதத் தொடங்கினேன். இரண்டாம் நாளே இடித்தது. நோட்டில் எழுதிய இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் மூன்றாவதைச் செருக இடமில்லை. விட்டுப்போன ஒரு வார்த்தைக்காக ஒரு பக்கத்தையே கிழிக்கவேண்டியிருந்தது. நோட்டு உதவாது, தனித்தனி அட்டைகள் வேண்டும், வேண்டியபோது கலைத்து அடுக்கவேண்டும். இந்த முடிவுக்கு நான் வந்தது ஒரு தறி அறையில் உட்கார்ந்துகொண்டு. என் நிலைமையில் நீங்களும் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்திருப்பீர்கள்.

"அண்ணா, அந்த மூலையில இருக்கிற பழைய அட்டை எடுத்துக்கட்டுமா?"

அண்ணன் நெய்துகொண்டே தலையை ஆட்டினார். "எடுத்துக்கோ. பழசு எல்லாம் உனக்குத்தான்."

மூட்டைக்குள் இருந்தவை பழுப்பேறி, முனை மடங்கி, கரப்பான் நாற்றம் அடித்தன. மூட்டையின் மேல் இருந்த கட்டு சுத்தமாக இருந்தது. அண்ணன் சொன்னது மூட்டையை. நான் எடுத்தது கட்டை. (பழசிலும் நல்ல பழசாகப் பொறுக்குகிற குணம் எனக்கு அப்போதே உண்டு.)

அடுத்து நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், கட்டைத் திண்ணைக்குக் கொண்டுபோய், மூலைகளில் அழுக்கு அழுக்காக இருந்த பென்சில் எண்களை ரப்பர் வைத்து அழித்தேன். நூற்று அறுபத்தெட்டையும் அழித்தேன். ஒரு பகல் ஆயிற்று. விரல் வீங்கியது. பிறகு ஒவ்வொரு அட்டையிலும் துளைகளுக்கு நடுவே இடம் பார்த்து வார்த்தைகளை எழுதினேன். நான்கெழுத்து பி ஒரு அட்டை, நான்கெழுத்து சி ஒரு அட்டை, இப்படி. துளை இடைஞ்சலாக இருந்த அட்டைகளைத் தலைகீழாகத் திருப்பி எழுதினேன். சிலவற்றை மறுபக்கம் புரட்டி எழுதினேன். சில எழுத்துகளுக்கு ஒன்றும் தேறவில்லை. மிஞ்சிய அட்டைகளில், யு இல்லாத வார்த்தைகள், கடைசியில் இஸட் வரும் வார்த்தைகள் என்று சிறப்புப் பிரிவுகள் தொடங்கினேன். வெறும் அட்டையாக விடுவது வீண் அல்லவா. எல்லாம் முடிந்ததும் அடுக்கி, மூலைகளில் நீல மையில் ஒன்று முதல் நூற்று அறுபத்தெட்டு வரை அழகாக எண் போட்டேன்.

தினமும் சாயங்காலம், கட்டை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது நல்ல பழக்கம். அந்தப் பழக்கம் மட்டும் எனக்கு இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இரண்டு வாரத்தில் பாடம் முழுக்க ஏறிவிட்டது. அந்த வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் அட்டைகளைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஐந்தெழுத்து கே" என்று எனக்கு நானே கேள்வி கேட்டு எனக்கு நானே ஒப்பித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். எதிர்வீட்டுக்காரர் அண்ணியிடம், "உங்க கொழுந்தனாருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாராம். "வேலை இல்லீங்க, அதான்" என்றாளாம் அண்ணி.

அதே வெள்ளிக்கிழமை புடவையின் உடல் நெய்து முடிந்தது. அண்ணன் அட்டைக் கட்டை எடுத்தார், அவிழ்க்காமல் ஓரத்தை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். நூற்று அறுபத்தெட்டு சரியாக இருந்தது. அப்படியே அண்ணியிடம் கோக்கக் கொடுத்தார்.

அண்ணிக்கு முள்ளிப்பட்டில் பிறந்த வீட்டிலேயே இந்த வேலை பழக்கம். எண்ணைப் பார்த்தால் கை தானாகக் கோக்கும். அவள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாள்.

"இன்னாங்க, அட்டை மேல இங்கிலீசா கீது?"

அண்ணன் அட்டைகளை வேலூரில் ஒரு அச்சகத்தின் கழிவு அட்டையிலிருந்துதான் வெட்டுவார். அவற்றில் எப்போதும் ஏதாவது ஆங்கிலம் அச்சாகியிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "பிரஸ் அட்டை வேற எப்பிடி இருக்கும்? நீ நம்பரைப் பாத்துக் கோத்துகினே போ" என்றார்.

அண்ணி நம்பரைப் பார்த்தாள். கணவர் இந்தத் தடவை மையில் முத்து முத்தாக எண் போட்டிருக்கிறாரே என்று மனதுக்குள் பெருமைப்பட்டதாகப் பிறகு சொன்னாள். பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவரைப் பாராட்ட நினைத்தது அந்த ஒருமுறைதான். அதுவும் எனக்குச் சேரவேண்டியது.

ஞாயிறு வந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையோடு மன்றத்துக்குப் போனேன்.

அன்றைய ஆட்டத்தை நான் அடக்கமாகச் சொல்ல முயல்கிறேன், முடியவில்லை. இறக்கினேன். மேனேஜர் ஒரு வார்த்தை வைத்தால் அதன் வாலைப் பிடித்து நான் இரண்டு வைத்தேன். போன முறை என்னைப் பார்த்துச் சிரித்த க்யூ இந்த முறை என் கையில் வாலாட்டியது. நடுவில் 'யாக்' என்று வைத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுக்கு என்ன அர்த்தம் தம்பி?"

"மூன்றெழுத்து சார். ஒய் வரிசையில முதல் வார்த்தை."

"சரி. அர்த்தம்?"

"அதுக்கு அடுத்தது யாம் சார்."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இமயமலையில் அப்படி ஒரு எருமை இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அந்த எருமையைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. அது எனக்குப் பதினாறு மதிப்பெண் கொடுத்தது, அது போதும். ஆட்ட முடிவில் நான் ஜெயித்திருந்தேன். மேனேஜர் கைகொடுத்தார். இந்த முறை என் இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் நான்கைந்து ஜோடி செருப்புகள் கிடந்தன. செய்தி அதற்குள் பரவி என்னைப் பாராட்ட வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். (சத்தியமாக.)

"அண்ணா, மேனேஜரை ஜெயிச்சிட்டேன்!" என்று தறி அறைக்குள் நுழைந்தேன்.

ஒருவரும் திரும்பவில்லை. முதலாளியும் அவர் மனைவியும் கல்யாணப் பெண்ணும் தறியைச் சுற்றி நின்றார்கள். மயில் இறங்குகிற நாள் என்று பார்க்க வந்திருக்கிறார்கள். அண்ணன் நெய்துகொண்டிருந்தார். சட்டை போடாத முதுகில் வியர்வை வழிந்தது. அண்ணி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"மயிலு எங்கப்பா?" என்றார் முதலாளி.

"வந்துகினு இருக்குதுங்க."

"காலையிலேர்ந்து வந்துகினுதான் கீது."

"மொதல்ல வந்தது காலுங்க. கால் கட்டத்துல அப்பிடித்தான் தெரியும். கொண்டை வந்ததும் தெளிஞ்சிடும்."

முதலாளியின் மனைவி குனிந்து பார்த்தாள். "எத்தினி காலு இது?"

எங்கள் தறியில் புடவையின் நேர்ப்பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். சந்தேகம் வந்தால் அடியில் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். நேர்ப்பக்கம் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அண்ணன் அதுவரை ஓட்டியிருந்தார். அண்ணி முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்தாள். முதலாளியின் மனைவி அதைத் தறிக்கு அடியில் நீட்டி, தரையில் ஒரு கையை ஊன்றிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என் மூஞ்சி தெரியுது" என்றாள்.

"தள்ளிப் பிடிங்கம்மா."

"தள்ளித்தான் பிடிச்சிகினு இருக்கேன். ஐயோ, இன்னா இது, மயிலை வெட்டி விசிறிப் போட்ட மாதிரி கீது! கல்யாணப் புடவையில இப்பிடியா?"

நானும் எட்டிப் பார்த்தேன். பிற்காலத்தில் டெலிவிஷன் வந்தபோது, ஒளிபரப்பு இல்லாத நேரத்தில் திரையில் புள்ளி புள்ளியாகப் பறக்குமே, அதை நான் முதலில் பார்த்தது அன்றைக்கு, அரக்குப் பட்டில், அசல் ஜரிகையில். நடுவில் ஒரு இடத்தில் ஒரு கண் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நகம். ஒரு சாண் தள்ளி, இன்னொரு கண்ணின் பாதி.

கல்யாணப் பெண் மெதுவாக, "அப்பா, எனக்கு மயில் இல்லைன்னாக்கூடப் பரவால்ல" என்றாள். அவள் அண்ணனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சொன்னாள். அதுதான் அண்ணனை உடைத்துவிட்டது. அவர் கை நின்றது.

"எங்கியோ கட்டத்துல தப்பு பண்ணிட்டேங்க. நூத்தி அறுபத்தெட்டு வரியில எங்க தப்புன்னு தெரியல. எனக்கு டிசைன் வராதுங்க. வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றார்.

அப்போதுதான் நான் நிமிர்ந்து தறியின் மேலே பார்த்தேன். பெட்டியிலிருந்து ஒரு அட்டை இறங்கி நின்றிருந்தது. அதில் நீல மையில், என் கையெழுத்தில், ஏழெழுத்து டபிள்யூ. அதற்குக் கீழே ஏழெழுத்து வி. எல்லாம் கயிற்றில் கோத்து, ஒன்று முதல் நூற்று அறுபத்தெட்டு வரை, இம்மி பிசகாமல், நான் போட்ட வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தன.

முதலில் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்கப்போவதில்லை. யாருக்கும் இங்கே ஆங்கிலம் தெரியாது, வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்பதுதான் அது. ஆனால் அண்ணன் தறிக் குழியிலிருந்து எழுந்து, மூலையில் வைத்திருந்த கட்டத் தாளை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். அதை ஒரு மாதம் வரைந்தவர். சுருட்டிய விதத்தைப் பார்த்தால் மறுபடி விரிக்கிற உத்தேசம் இல்லை என்று தெரிந்தது.

"அண்ணா, கட்டத்துல தப்பு இல்ல. அட்டை வரிசை மாறிப்போச்சு. நான்தான் மாத்தி அடுக்கினேன்."

முதலாளிதான் முதலில் பேசினார்.

"மாத்தி அடுக்கினியா? எந்த வரிசையில?"

"எழுத்து எண்ணிக்கை வரிசையிலங்க. அதுக்குள்ள ஏ, பி, சி, டி."

"மயிலுக்கா?"

"இல்லீங்க. இங்கிலீசுக்கு."

முதலாளி தலையைத் தூக்கி அட்டைகளைப் பார்த்தார், பிறகு புடவையைப் பார்த்தார், பிறகு என் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார். "அப்போ இந்த முந்தானையில இருக்கிறது?" என்றார்.

"வார்த்தைங்க. ரெண்டெழுத்துலேர்ந்து ஏழெழுத்து வரைக்கும் வந்திருக்கு. எட்டெழுத்து இனிமேதான் வரும்."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது எனக்கு ஒரு வியாதி. அண்ணி வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று அப்போது நினைத்தேன். அவள் சிரித்தாள் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

"பழைய நம்பரு எங்கடா?" என்றார் அண்ணன். அவர் குரல் அமைதியாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

"ரப்பர் வச்சி அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சுத்தமா."

கல்யாணத்துக்கு இருபத்தொரு நாள் இருந்தது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல், மூன்று புடவைக்குப் போட்டது. அதனால் நூல் இருந்தது. நெய்ததைப் பிரிக்கமுடியாது, முதலிலிருந்து இன்னொரு புடவை நெய்யவேண்டும். அதற்குப் பதினைந்து நாளாவது ஆகும். முதலாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "முகூர்த்தத்துக்கு மொத நாள் காலையில வருவேன். மயிலு இருந்தா எடுத்துகினு போறேன். இல்லைன்னா என் பொண்ணு காஞ்சிபுரம் புடவை கட்டும். ஆரணியில முதலாளி பொண்ணு காஞ்சிபுரம் கட்டினா அப்புறம் உனக்கும் எனக்கும் இன்னா மரியாதை, நீயே யோசிச்சிக்கோ" என்றார்.

அவர்கள் போனதும் அண்ணன் என்னை அடிக்கவில்லை. "ரெண்டு வேலை உனக்கு. அட்டையை மயிலாக்கு. அப்புறம் வந்து கோர்வை உக்காரு" என்றார்.

கோர்வை என்பது கரைக்கான நூல் சுற்றிய நாடா என்கிற ஓடத்தைத் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளே தள்ளிக்கொடுக்கிற வேலை. நெய்கிறவர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஓரத்தில் இருப்பவர் தள்ளவேண்டும். அதுவரை அதை அண்ணி செய்துவந்தாள். வேதியியல் பட்டதாரி அந்த இடத்துக்கு நியமனம் ஆனேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

முதல் நான்கு நாள் அட்டைக்கே போயிற்று. கயிற்றை அறுத்து அட்டைகளைத் தரையில் பரப்பினோம். அண்ணன் கட்டத் தாளின் ஒரு வரியைப் படிப்பார்: இத்தனை காலி, மூன்று துளை, இரண்டு காலி, ஒரு துளை. அந்தத் துளைகள் உள்ள அட்டையை நானும் அண்ணியும் தேடவேண்டும். நான் தலைகீழாகவும் புரட்டியும் எழுதிய அட்டைகள் எங்கள் உயிரை எடுத்தன. அட்டைகளைக் கூப்பிட வேறு பெயர் இல்லாததால், என் பிரிவுகளே அவற்றுக்குப் பெயராயின.

"மயிலோட இடது கால் வரலியே, எங்க?"

"அஞ்சு எஃப்ல பாருங்க. இல்ல, அது கழுத்து."

"அப்போ நாலு ஜே?"

"நாலு ஜே தோகைக்குப் போயிடுச்சு அண்ணி."

"தம்பி, இந்த எட்டு எம்மைத் திருப்பிப் பிடி. ஆங், இதான் காலு! எட்டு எம்ல காலு கீதுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு."

மூன்றாம் நாளுக்குள் அண்ணிக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரிந்துவிட்டன. அவள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள். அண்ணன் அந்தத் தடவை எண்களைச் சிவப்பு மையில் போட்டார். போட்டுவிட்டு வீட்டிலிருந்த ரப்பரை எடுத்து அடுப்பில் போட்டார். (நாற்றம் இரண்டு நாள் இருந்தது.)

பிறகு பதினைந்து நாள் நாடா தள்ளினேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதல் இரண்டு நாள், நான் தள்ளிய நேரமெல்லாம் தப்பான நேரம். மூன்றாம் நாள் அண்ணன் என் காலை அவர் காலால் மிதித்து, மிதிக்கிறபோது தள்ளு என்றார். அது எனக்குப் புரிந்தது. மன்றத்துப் பக்கம் போகவில்லை. மேனேஜர் ஆள் அனுப்பி, ஆட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். "வேலையில் இருக்கிறார்" என்று அண்ணி பதில் அனுப்பினாள். அந்த வாக்கியத்தை என்னைப் பற்றி ஒருவர் சொல்வதை அதுவரை நான் கேட்டதில்லை.

பதினான்காம் நாள் மயில் அட்டைகள் மேலேறின. அண்ணன் மிதித்தார், நான் தள்ளினேன். முதல் வரி. இரண்டாவது. பத்தாவது வரியில் அண்ணி கண்ணாடியை அடியில் பிடித்தாள். "நகம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு நகம்." அதற்கப்புறம் அவள் எழுந்து சமையலுக்கே போகவில்லை. கண்ணாடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, கால் வருது, வயிறு வருது என்று பிரசவம் பார்க்கிறவளைப்போல் சொல்லிக்கொண்டே இருந்தாள். தோகை முழுதும் விரிந்து கொண்டை வந்து சேர்ந்தபோது அண்ணன் குழியிலிருந்து எழுந்தார். அண்ணி கையிலிருந்து கண்ணாடியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தறிக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்து, நேராகவே பார்த்தார். அப்படியே கிடந்தார்.

சொன்ன நாள் காலையில் முதலாளி வந்தார். பெண்ணும் வந்தாள். புடவையை விரித்தோம். பெண் மயிலின் கழுத்தை விரலால் தடவினாள். முதலாளி முந்தானையை வெளிச்சத்தில் தூக்கி, வரி வரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இதுல இங்கிலீசு ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"இல்லீங்க."

"நல்லது." அண்ணனிடம் திரும்பினார். "தை மாசத்திலேர்ந்து டிசைன் எல்லாம் உன்னுது ஏகாம்பரம். ஒரே ஒரு கண்டிஷன். கட்டம் இங்க போடு. ஆனா அட்டை என் கடை மாடியிலதான் குத்தணும். கோக்கறதும் அங்கதான். உன் தம்பி இருக்கிற வீட்டுல ஒரு அட்டைகூட ராத்தங்கக் கூடாது."

அண்ணன் ஒத்துக்கொண்டார். முதலாளி கடை மாடியில் அண்ணனுடைய அறைக்குப் பூட்டு போட்டார்கள். ஒரு சாவி அண்ணனிடம், ஒன்று முதலாளியிடம். ஆரணியில் டிசைன் திருட்டுக்குப் பயந்து அறையைப் பூட்டுவார்கள். அந்த அறையைப் பூட்டியது நான் வந்து அடுக்கிவிடப்போகிறேன் என்பதற்காக. அண்ணன் ஓய்வு பெறுகிறவரை அந்தப் படி எனக்கு ஏறக் கிடைக்கவில்லை.

கெட்டுப்போன முதல் புடவை மிஞ்சியது. உடல் பழுதில்லாமல், கரை நேராக, முந்தானை மட்டும் வெடித்துச் சிதறியதாக. முதலாளி அதை எடுத்துக்கொள்ளவில்லை, அண்ணனுக்கே விட்டுவிட்டார். யாரிடமும் விற்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. வெட்டவும் மனம் வரவில்லை. அண்ணிதான் தீர்ப்புச் சொன்னாள். "இதை யார் நெய்ய வச்சாரோ, அவருக்கு வரப்போற பொண்ணுதான் கட்டணும்." புடவையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் போளூரில் பெண் பார்த்தார்கள். கமலா, பள்ளிக்கூட டீச்சர். நிச்சயத்துக்கு எடுத்துப்போன தட்டில் அண்ணி அந்தப் புடவையை வைத்தாள். நான் கெஞ்சினேன், கேட்கவில்லை. கமலா புடவையைப் பிரித்தாள். முந்தானை வந்ததும் கை நின்றது. பெண் வீட்டார் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய சித்தப்பா, "இது என்ன டிசைனுங்க, புது மாடலா?" என்று கேட்டார். அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சபை நடுவில், முதலிலிருந்து கடைசிவரை கதையைச் சொன்னாள். நான் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமலா சிரிக்கவில்லை. டீச்சர் அல்லவா, அவளுக்கு ஒரு சந்தேகம். முந்தானையில் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க எத்தனை எழுத்து?" என்று என்னைக் கேட்டாள்.

பார்த்தேன். "அஞ்சு. எஸ்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அந்தப் புடவை இல்லாத கல்யாணம் கிடையாது. கமலா அதைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் முந்தானையில் ஒரு புள்ளியைத் தொட்டு என்னிடம் வார்த்தை கேட்கும், நான் சொல்லவேண்டும். பெரியவர்களும் கூச்சப்படாமல் வந்து தொடுவார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருவர், விஷயம் தெரியாதவர், கமலாவை நிறுத்தி முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஜரிகை அசல்தான். ஆனா இது என்னம்மா, ஒண்ணுமே புரியலியே?" என்றார்.

கமலா முந்தானையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இதாங்க எங்க வீட்டுக்காரர் படிச்ச படிப்பு. நான் கட்டிகினு திரியறேன்."